58 இன்னிங்ஸ்: எட்வின் டியாஸை விற்கச் சொன்ன நியூயார்க்

ஆறு ரன் முன்னிலை, எடுக்க வேண்டியது மூன்றே அவுட். 2019 செப்டம்பர் 3 இரவு வாஷிங்டனில் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி இருந்த நிலை இது. மெட்ஸுக்கு ஜேக்கப் டிகிராமும் வாஷிங்டனுக்கு மேக்ஸ் ஷெர்சரும் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, தொடங்கிவைத்த ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் மெட்ஸ் ஐந்து ரன் சேர்த்து 10–4 என்று ஆக்கியிருந்தது. மறுபாதியில் பால் சீவால்ட் வந்தார், ரன் கொடுத்தார். லூயிஸ் அவிலான் வந்தார், அவராலும் அடைக்க முடியவில்லை. கடைசியில், ஆட்டத்தை முடித்துவைக்கவென்றே அணி வைத்திருந்த எட்வின் டியாஸை அழைத்தார்கள். ரயன் சிம்மர்மன் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ்வரை ஓடவைக்கும் அடி) அடித்தார், இரண்டு ரன். 10–8. அப்புறம் கர்ட் சுஸுகி அடித்த பந்து வேலியைத் தாண்டியது. மூன்று ரன். 11–10.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அந்த இன்னிங்ஸில் மட்டும் ஏழு ரன் எடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் பட்டத் தொடரை, உலகத் தொடரையும் வென்றது. மெட்ஸ் 86 வெற்றி, 76 தோல்வியோடு மூன்றே ஆட்ட வித்தியாசத்தில், சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனது. அந்த மூன்று ஆட்டங்கள் எங்கே போயின என்று கேட்டால், மெட்ஸ் ரசிகர் எவரும் யோசிக்காமல் ஒரே பெயரைத்தான் சொல்வார்.

அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். டியாஸ் பந்து வீசும் மேட்டில் ஏறியபோது ரன்கள் வரத் தொடங்கிவிட்டன. பேஸ்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சீவால்டும் அவிலானும் மூட்டிய நெருப்பு அது. ஆனால் பெட்டிச் செய்தியில் கடைசியாக வந்தவரின் பெயர்தான் இருக்கும். நடுவில் வந்து வீசும் ரிலீஃப் பிட்சரின் வேலையே அப்படி அமைந்தது. 'இந்த ஆளை என்ன செய்வது' என்று 2019 முழுக்க நியூயார்க்கில் நடந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முதலில் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குளோசர் என்ற வேலை

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசிவிட்டு இறங்கிவிடுவார். அதன்பின் வருபவர்கள் எல்லாரும் ரிலீஃப் பிட்சர்கள். அவர்களில் மிகவும் நம்பப்படும் ஒருவரைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். அவர்தான் குளோசர். முன்னிலை குறைவாக இருக்கும்போது வந்து அதைக் காத்து முடித்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். கிரிக்கெட்டில் இருபதாவது ஓவரை மட்டுமே வீசுவதற்கென்று ஒருவரை அணியில் வைத்திருந்தால் எப்படியிருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. வித்தியாசம், இவர் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் அந்த ஓவரை வீச வேண்டும்.

டியாஸ் பிறந்தது 1994-ல், போர்ட்டோ ரீக்கோவின் நாகுவாபோவில். 2012-ல் சியாட்டில் மரினர்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. கீழ்நிலை அணிகளில் ஆட்டம் தொடங்கும் பிட்சராக வளர்த்தார்கள். 2016-ல் ரிலீஃப் வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு ஜூனில் மேஜர் லீக் அணிக்கு வந்துவிட்டார். அவரிடம் இருந்தவை இரண்டே பந்துகள்: மணிக்கு 97 மைலைத் தாண்டும் நேர் ஃபாஸ்ட்பால், கடைசி நொடியில் விலகிக் கீழே இறங்கும் ஸ்லைடர். ஒரு இன்னிங்ஸ் வீசுபவருக்கு இரண்டு போதும், இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால்.

2018-ல் வேலை செய்தன. 61 வாய்ப்பில் 57 சேவ். ஒரே சீசனில் அதைவிட அதிகம் எடுத்தவர் 2008-ல் 62 சேவ் எடுத்த ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் ஒருவர்தான். 73.1 இன்னிங்ஸில் (புள்ளிக்குப் பின் வருவது மூன்றில் ஒரு பங்கு) 124 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), 17 வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), 5 ஹோம் ரன். ஈ.ஆர்.ஏ. 1.96. (ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் அதில் சேராது.) அமெரிக்கன் லீக்கின் சிறந்த ரிலீவருக்கான மரியானோ ரிவேரா விருதும் கிடைத்தது. வயது 24.

அந்த டிசம்பரில் மெட்ஸ் அவரை வாங்கியது. வாங்கிய விதம்தான் பின்னால் வந்த கோபத்துக்கெல்லாம் விதை. பொது மேலாளர் புரோடி வான் வேகனென் அதற்குமுன் வீரர்களின் ஏஜென்டாக இருந்தவர். ராபின்சன் கனோ அவருடைய வாடிக்கையாளர். 36 வயது கனோவுக்கு இன்னும் ஐந்து ஆண்டு, 120 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பாக்கி. 2018-ல்தான் தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 80 ஆட்டம் தடை பெற்றிருந்தார். டியாஸ் வேண்டுமென்றால் கனோவையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பேரம். சியாட்டில் 20 மில்லியன் டாலர் மட்டும் தந்து உதவியது. பதிலுக்கு மெட்ஸ் கொடுத்தவர்களில் ஜேரட் கெலெனிக் இருந்தார். அதே ஆண்டு வீரர் தேர்வில் ஆறாவதாக எடுக்கப்பட்ட பையன். ரசிகர்கள் அவனைத் தங்கள் எதிர்காலம் என்று நெஞ்சில் வைத்திருந்தார்கள்.

ஆகவே டியாஸ் மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் முதல் பந்தை வீசும் முன்பே அவர்மேல் இரண்டு கடன்கள் இருந்தன: கனோவின் சம்பளம், கெலெனிக்கின் வருங்காலம். இரண்டும் அவர் வாங்கியவை அல்ல.

சரிவு

மே 29, லாஸ் ஏஞ்சலிஸ். மெட்ஸ் 8–5 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் டியாஸ் வந்தார். ஜாக் பீடர்சன் ஹோம் ரன், அடுத்து மேக்ஸ் மன்சி ஹோம் ரன், இரண்டு டபுள், கடைசியில் அலெக்ஸ் வெர்டுகோ உயரத் தூக்கிய ஒரு பந்தில் வெற்றி ரன். டாட்ஜர்ஸ் 9–8.

ஜூன் 27, ஃபிலடெல்ஃபியா. 3–1 முன்னிலை. மைக்கேல் ஃபிராங்கோ இரண்டு ரன் ஹோம் ரன், பிறகு ஜீன் செகூரா மூன்று ரன் ஹோம் ரன். 6–3 தோல்வி. செகூரா முந்திய ஆண்டுவரை சியாட்டிலில் டியாஸின் அணித்தோழர்.

இடையில் ஜூன் 20 அன்று பிட்சிங் பயிற்சியாளர் டேவ் ஐலண்டை நீக்கி, 82 வயது ஃபில் ரீகனை அமர்த்தினார்கள். அது டியாஸ் ஒருவருக்காகச் செய்ததல்ல, ரிலீவர் கூட்டமே அந்தக் கோடையில் ஓட்டைப் பானையாக இருந்தது. இருந்தும் பானையின் வாயில் நின்றவர் அவர். சொந்த மைதானத்தில் அவர் மேட்டை நோக்கி ஓடிவரும்போதே ஊளை எழும். முதல் பந்து தவறினால் இன்னும் பெரிதாகும்.

சீசன் முடிவில் கணக்கு இப்படி நின்றது: 66 ஆட்டம், 58 இன்னிங்ஸ், 33 வாய்ப்பில் 26 சேவ், 2 வெற்றி, 7 தோல்வி, 15 ஹோம் ரன், ஈ.ஆர்.ஏ. 5.59. ஓர் ஆண்டு முன் நாட்டிலேயே சிறந்தவர் என்று பெயர் எடுத்தவர்.

ரசிகர்கள் என்ன கேட்டார்கள்

மெட்ஸ் ரசிகர்களைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்வது சுலபம். அவர்களின் நினைவைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அணி கடைசியாக உலகத் தொடரை வென்றது 1986-ல். அதன்பின் வந்த பெரிய தோல்விகளில் பலவும் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு நடந்தவை. 2000 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் முன்னிலையை அர்மாண்டோ பெனிடெஸ் தவறவிட்டார். 2006 லீக் இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஏரன் ஹைல்மன் வீசிய பந்தை யாடியர் மொலினா வேலிக்கு அப்பால் அனுப்பினார். 2007-ல் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்ட முன்னிலையைக் கரைத்தார்கள். 2008-ல் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்தை ரிலீவர்கள் கொடுத்த ஹோம் ரன்களால் இழந்தார்கள். 2015 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஜூரிஸ் ஃபமிலியாவை அலெக்ஸ் கார்டன் அடித்தார். ஒரே படிக்கட்டில் ஐந்து முறை விழுந்தவர், ஆறாவது முறை கைப்பிடியைத் தேடுவதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு கோடையில் மூன்று குரல்கள் கேட்டன.

முதல் குரல்: விற்றுவிடு. வீரர்களைக் கைமாற்றுவதற்கான ஜூலை 31 கெடு நெருங்கியபோது டியாஸைப் பற்றி வேறு அணிகள் விசாரிப்பதாகச் செய்திகள் வந்தன. பெயர் இன்னும் பெரிது, கையில் இன்னும் வேகம் இருக்கிறது, யாராவது ஏமாறுவதற்குள் தள்ளிவிடு என்பது இவர்களின் வாதம். இன்னொன்றையும் சொன்னார்கள்: நியூயார்க் எல்லாருக்கும் ஒத்துவராது, சியாட்டிலின் அமைதியில் மலர்ந்தவர் இங்கே வாடுகிறார். இந்த இரண்டாவது வாதத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. யாராலும் நிரூபிக்கவும் முடியாத, மறுக்கவும் முடியாத ஒன்றை வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது அது.

இரண்டாவது குரல்: வைத்துக்கொள், ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸை வேறு ஒருவருக்குக் கொடு. அந்த வேறு ஒருவர் சேத் லூகோ. 80 இன்னிங்ஸ், 104 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 2.70. அந்த ஆண்டு மெட்ஸில் நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய ஒரே ரிலீவர். அவரை ஏழாவதிலும் எட்டாவதிலும் செலவழித்துவிட்டு ஒன்பதாவதுக்கு டியாஸை அனுப்புவது என்ன கணக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மூன்றாவது குரல் சின்னது, ஆனால் பிடிவாதமானது: ஒன்றும் செய்யாதே. ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கையைப் பார், இந்த ஆள் திரும்பி வருவார்.

நான் இரண்டாவது குரலின் பக்கம். மூன்றாவது குரலின் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது குரலின் முடிவுக்கு வருகிறேன். ஏன் என்று சொல்ல எண்களுக்குள் போக வேண்டும்.

எண்களுக்குள்

டியாஸ் 2018-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 15.2 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். எல்லாரும் ஊளையிட்ட 2019-ல் 99 ஸ்ட்ரைக்அவுட், அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு 15.4. கூடியிருக்கிறது! வாக் 2.1-லிருந்து 3.4 ஆனது. கவனிக்க வேண்டிய ஏற்றம்தான், ஆனால் பந்தை எங்கே வீசுகிறோம் என்று தெரியாமல் போன ஆளின் எண் அல்ல. தலைகீழாய் மாறியது ஹோம் ரன் மட்டும். 73.1 இன்னிங்ஸில் 5 ஆக இருந்தது, 58 இன்னிங்ஸில் 15. கூடவே, மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் ஹிட் ஆனவையும் (பேட்டர் பத்திரமாக பேஸை அடைந்தவையும்) வழக்கத்தைவிட மிக அதிகம். லீக் முழுக்க அந்தச் சராசரி .300-ஐ, அதாவது நூற்றுக்கு முப்பதை, ஒட்டியே இருக்கும். டியாஸுக்கு அது எங்கோ மேலே போய்விட்டது.

இதை எளிதாகச் சொல்கிறேன். பேட்டர்கள் அவர் பந்தைத் தொடுவது 2018-ஐவிட எளிதாகிவிடவில்லை. தொட்ட சில பந்துகள் மட்டும் மிக மோசமான இடங்களுக்குப் போயின.

ஏன் போயின? இங்கே கெட்ட நேரம் என்று கையை விரித்துவிடக் கூடாது. அவருடைய ஸ்லைடர் உண்மையாகவே கெட்டுப்போயிருந்தது. கீழே இறங்க வேண்டிய பந்து இறங்காமல் பேட்டர் நிற்கும் ஹோம் தட்டின் நடுவே மிதந்தது. ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்து நிற்கும் மேஜர் லீக் பேட்டருக்கு மிதக்கும் ஸ்லைடர் தட்டில் வைத்துக் கொடுத்த பலகாரம். பந்தின் தையல் கையில் பழையபடி பிடிபடவில்லை என்று டியாஸ் சொன்னார். அன்று பலர் அதைச் சாக்கு என்று ஒதுக்கினார்கள். 2019-ல் மேஜர் லீக்கில் 6,776 ஹோம் ரன்கள் விழுந்தன. அதற்குமுன் இருந்த உச்சம் 2017-ன் 6,105. லீக் நியமித்த விஞ்ஞானிகள் குழு அந்த டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பந்து காற்றில் எதிர்கொள்ளும் தடை குறைந்ததும், தையலின் உயரம் அதற்கு ஒரு காரணமாக இருந்ததும் வந்தன. ஸ்லைடர் வீசுபவனுக்குத் தையல்தான் பிடிமானம். டியாஸின் வீழ்ச்சி முழுவதையும் பந்தின்மேல் போட முடியாது, அதே பந்தை வைத்துத்தான் லூகோவும் வீசினார். ஆனாலும் அவர் சொன்னதைச் சாக்கு என்றது தவறு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது 58 என்ற எண். அதே அணியில் டிகிராம் அந்த ஆண்டு 204 இன்னிங்ஸ் வீசினார். ஏப்ரலில் மின்னசோட்டா அணியிடம் நான்கு இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தார். அந்த மாதம் அவருக்கு நன்றாகப் போகவில்லை. யாருக்கு அது நினைவிருக்கிறது? அதன்மேல் கொட்டிப் புதைக்க அவரிடம் இருநூறு இன்னிங்ஸ் இருந்தது. ஆண்டு முடிவில் 2.43 ஈ.ஆர்.ஏ., கையில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ரிலீவருக்கு அந்த மண் கிடையாது. 58 இன்னிங்ஸில் டியாஸ் கொடுத்த ரன் 36. மே 29, ஜூன் 27 மாதிரி நாலைந்து இரவுகளைக் கழித்துவிட்டால் மிச்சம் சாதாரணமான ஓர் ஆண்டு. கழிக்கக் கூடாது, அந்த இரவுகள் நடந்தவைதான், தோற்றவைதான். ஆனால் நடந்ததற்குத் தண்டனை கொடுப்பது வேறு, அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்று கணிப்பது வேறு. விற்றுவிடு என்ற குரல் முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைச் செய்வதாக நம்பியது.

காசுக் கணக்கும் ஒன்று உண்டு. 2019-ல் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 555,000 டாலர். டியாஸின் ஊதியம் அதை ஒட்டியே இருந்தது. 2022 முடியும்வரை அவர் மெட்ஸின் ஆள். மூன்று ஆண்டு உரிமை இருக்கும் ஒரு கையை, அதன் விலை அடிமட்டத்தில் இருக்கும் மாதத்தில் விற்பது எந்த ஊர்ச் சந்தையிலும் புத்திசாலித்தனம் ஆகாது.

இதே பாதையில் போனவர்கள்

திரும்பி வருவார் என்று சொல்பவர் திரும்பி வராதவர்களையும் பார்த்தாக வேண்டும்.

மார்க் வோலர்ஸ் 1995-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் உலகத் தொடரை வென்றபோது அவர்களின் குளோசர். நூறு மைலைத் தொடும் வேகம். 1998-ல் அவரால் பந்தை ஸ்ட்ரைக் பகுதிக்குள் போடவே முடியவில்லை. 20.1 இன்னிங்ஸில் 33 வாக், ஈ.ஆர்.ஏ. 10.18. மறுஆண்டு அட்லாண்டா அவரை அனுப்பிவிட்டது. இங்கே எண்களே கதையைச் சொல்கின்றன. வாக் அப்படி ஏறினால் சிக்கல் கையிலும் மனத்திலும் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். டியாஸிடம் அந்த அறிகுறி இல்லை.

மிட்ச் வில்லியம்ஸ் 1993 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஜோ கார்ட்டரிடம் தொடரை முடித்துவைத்த ஹோம் ரன்னைக் கொடுத்தார். அந்தத் தொடரின்போதே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. 1994-ல் ஈ.ஆர்.ஏ. 7.65. அதன்பின் பழைய மிட்ச் வில்லியம்ஸ் வரவே இல்லை. அனுப்பியதால் கெட்டாரா, கெட்டுக்கொண்டிருந்ததால் அனுப்பினார்களா என்பதை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு விளையாட்டு வீரரின் வீட்டுக்கு மிரட்டல் போகும் இடத்தில் விவாதம் செத்துவிட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பியுங்-ஹியுன் கிம் வேறு மாதிரி. 2001 உலகத் தொடரில் அரிசோனாவின் குளோசர், வயது 22. நான்காவது ஆட்டத்தில் டினோ மார்ட்டினெஸ், டெரிக் ஜீட்டர். மறுநாள் ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்காட் புரோஷஸ். இரண்டு இரவுகளில் மூன்று ஹோம் ரன்கள். யாங்கி ஸ்டேடியம் அதிர, மேட்டில் உட்கார்ந்துவிட்ட அந்தப் பையனின் உருவம் பார்த்தவர் எவருக்கும் மறக்காது. அரிசோனா எப்படியோ தொடரை வென்றது. 2002-ல் அதே கிம் 36 சேவ், ஈ.ஆர்.ஏ. 2.04.

டியாஸோடு நெருங்கி வைத்துப் பார்க்க வேண்டியவர் பிராட் லிட்ஜ். 2008-ல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸுக்காகச் சீசனில் 41 வாய்ப்பில் 41 சேவ், பிந்தைய சுற்றில் 7-க்கு 7. ஒரு முன்னிலையைக்கூட விடாமல் உலகத் தொடரை முடித்துவைத்தார். 2009-ல் 11 முன்னிலைகளை விட்டார். வெற்றியே இல்லை, எட்டுத் தோல்வி, ஈ.ஆர்.ஏ. 7.21. இடையில் முழங்கால் கோளாறு. மேலாளர் சார்லி மேனுவல், கடைசியில் சில ஆட்டங்களை ரயன் மேட்சனிடம் கொடுத்தது தவிர, அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், 4–4, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகிவிட்டது. எதிரணி யாங்கீஸின் ஜானி டேமன் விடாமல் நின்று ஒரு சிங்கிள் அடித்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு பேஸைத் திருடினார். அங்கிருந்து மூன்று ரன். 7–4. அந்தக் குளிர்காலத்தில் லிட்ஜுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை. 2010-ல் 32 வாய்ப்பில் 27 சேவ், ஈ.ஆர்.ஏ. 2.96.

மேனுவலின் விசுவாசத்தைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதை முழுமனதோடு புகழமாட்டேன். வலியோடு வீசும் ஒருவரை 11 முறை விழவிட்டு அதற்குப் பெயர் நம்பிக்கை என்றால், அந்த நம்பிக்கையால் அவருக்கு என்ன நன்மை? ஒன்பதாவது இன்னிங்ஸ் ஒருவரின் சொத்தல்ல. ஏழாவதில் நாலைந்து வாரம் வீசச் சொல்வது அவமானமும் அல்ல.

மெட்ஸ் செய்தது

விற்கவில்லை. 2019 ஜூலையில் பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமனை வாங்கினார்கள். அக்டோபரில் மேலாளர் மிக்கி கேலவே போனார். 2020-ல் லூயிஸ் ரோஹாஸ் மேலாளர், ஜெரமி ஹெஃப்னர் பிட்சிங் பயிற்சியாளர்.

2020 ஜூலை 25, சீசனின் இரண்டாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மெட்ஸ் ஒரு ரன் முன்னிலை. எதிரணி அட்லாண்டாவின் மார்செல் ஒசூனா ஹோம் ரன். பத்தாவது இன்னிங்ஸில் 5–3 தோல்வி. விற்றுவிடு என்றவர்களுக்கு அந்த இரவு தீபாவளி வெடிபோல. ஆனால் சிட்டி ஃபீல்டில் ஒரு ஊளை இல்லை. கோவிட் காலம், இருக்கைகள் காலி. அடுத்த சில நாளில் அணி ஒன்பதாவது இன்னிங்ஸை அவரிடமிருந்து எடுத்து லூகோவிடம் கொடுத்தது. டியாஸ் முன்னதாக வந்து, பரபரப்புக் குறைந்த இன்னிங்ஸ்களை வீசினார். பிறகு லூகோவை ஆட்டம் தொடங்க அனுப்பியபோது ஒன்பதாவது மெல்ல மெல்ல டியாஸிடமே திரும்பியது. 25.2 இன்னிங்ஸில் 50 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 1.75. பத்து வாய்ப்பில் ஆறு சேவ்தான். ஆகவே விவாதம் ஓயவில்லை.

2021-ல் 38 வாய்ப்பில் 32 சேவ். நல்ல ஆண்டுதான். ஆனால் ஜூலை 17-ல் பிட்ஸ்பர்க்கின் ஜேக்கப் ஸ்டாலிங்ஸ் கிராண்ட் ஸ்லாம் (நான்கு ரன் ஹோம் ரன்) அடித்து 9–7 என்று முடித்த இரவில், 2019-ன் வார்த்தைகள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. அந்தச் சீசன் முழுக்க டியாஸ் கொடுத்த ஹோம் ரன் மூன்று. அதில் ஒன்று அது. அந்த ஒன்றைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

மாற்றம் இதற்கிடையில் அமைதியாக நடந்துகொண்டிருந்தது. 2019-ல் அவர் வீசியவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்லைடர். 2022-ல் பாதிக்கு மேல் ஸ்லைடர். ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகமும் 99 மைலுக்கு ஏறிவிட்டது. எந்தப் பந்து 2019-ல் அவரைக் கவிழ்த்ததோ அதையே அதிகம் வீசினார். பேட்டருக்கு ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருக்கும் வசதி போய்விட்டது.

2022 ஏப்ரல் 29-ல் ஐந்து மெட்ஸ் பிட்சர்கள் சேர்ந்து ஃபில்லிஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை, கடைசி மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்து முடித்தவர் டியாஸ். ஆண்டு முடிவில் 62 இன்னிங்ஸ், 118 ஸ்ட்ரைக்அவுட், 3 ஹோம் ரன், 35-க்கு 32 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.31. எதிர்கொண்ட பேட்டர்களில் பாதிப் பேர் ஸ்ட்ரைக்அவுட். அவர் ஓடிவரும்போது ஒலிக்கும் ட்ரம்பெட் இசைக்குச் சிட்டி ஃபீல்டே எழுந்து நின்றது. ஆகஸ்ட் 31 அன்று அந்த இசைக்கலைஞரே மைதானத்தில் நின்று ஊத, டியாஸ் வந்து டாட்ஜர்ஸுக்கு எதிரான 2–1 ஆட்டத்தை முடித்தார். மூன்று ஆண்டுக்கு முன் ஊளையிட்டவர்களில் எத்தனையோ பேர் அன்று கையால் ட்ரம்பெட் பிடித்துக் காட்டியிருப்பார்கள். அதில் தவறே இல்லை. இரண்டும் ஒரே பாசத்தின் இரண்டு ஓசைகள்.

நவம்பரில் ஐந்தாண்டு, 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நூறு மில்லியனைத் தாண்டிய முதல் ரிலீவர் அவர். விற்றுவிட்டோமே என்று எல்லாரும் ஏங்கிய கெலெனிக் சியாட்டிலில் பேட்டிங் சராசரி 2021-ல் .181, 2022-ல் .141 என்று தடுமாறி, பிறகு அட்லாண்டாவுக்குக் கைமாறினார். அவனைப் பற்றியும் சத்தம் போடுபவர்களுக்கு நான் சொல்வது இதே சொல்தான்: இருபத்தோரு வயதுப் பையன்.

2023 மார்ச் 15, மயாமி. உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரீக்கோ 5–2 என்று டொமினிகன் குடியரசை வென்றது. ஒன்பதாவதை முடித்த டியாஸ், தோழர்கள் சூழத் துள்ளிக் கொண்டாடும்போது முழங்கால் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். அந்தச் சீசன் முழுக்கப் போனது. 2024-ல் திரும்பி வந்தபோது மயாமியில் நான்கு ரன் முன்னிலையைத் தவறவிட்டார். சில நாள் ஒன்பதாவது இன்னிங்ஸ் மறுபடியும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2019-ல் செய்திருக்க வேண்டிய காரியம் அப்போது இயல்பாக நடந்தது. 2025-ல் ஈ.ஆர்.ஏ. 1.63. ஆண்டு முடிவில் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமையைப் பயன்படுத்தி டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார், மூன்றாண்டு, 69 மில்லியன். ஒருகாலத்தில் விற்றுவிடச் சொன்ன ஊர், ஏன் போகவிட்டீர்கள் என்று அணியைக் கேட்டது.

அவருடைய இடத்துக்கு மெட்ஸ் கொண்டுவந்தவர் டெவின் வில்லியம்ஸ். அதே நகரத்தின் மறுபக்கத்தில், யாங்கீஸில், 2025 ஏப்ரலிலேயே குளோசர் இடத்தை இழந்து, ஊளை வாங்கியவர். 62 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 4.79, 90 ஸ்ட்ரைக்அவுட்.